தண்ணீர் குடிக்காத மானும் குன்னத்துக் கிணறும்

இன்னிக்கு எபிசோடு பாலைவனத்து மான்களைப் பத்தினது. ஆனா நான் ஆரம்பிக்கப்போறது ஒரு கிணத்துல இருந்து.

பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கத்துல ஒரு கிராமம்தான் எங்க அப்பாவோட ஊர். நாங்க சென்னையில இருந்தாலும், மே மாசம் லீவு விட்டதும் எங்களை அங்க கொண்டுபோய் விட்டுடுவாங்க. கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மழை பெஞ்சா செருப்பைப் பிடுங்கிக்கிற அந்த மண்ணு, மே மாசத்துல கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். ‘கிணத்துப் பக்கம் போகாதே’ங்கிறதுதான் அங்க எங்களுக்கு இருந்த ஒரே சட்டம். காரணம், அங்க நிறைய கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. தரையோட தரையா இருக்கும். தரைக்கிணறுன்னே சொல்வாங்க.

நான் ஏழாவது முடிச்ச வருஷம். ஒருநாள் விடிகாலையில நாய்ச் சத்தம். பெரியப்பா கிணத்துல மான் விழுந்துடுச்சுன்னு யாரோ ஓடிவந்து சொன்னாங்க. நாங்க எல்லாரும் ஓடினோம். அடியில முழங்கால் அளவு தண்ணி. அதுல ஒரு புள்ளிமான் நிக்குது. பெரியப்பா படியில இறங்கி, கயித்துக் கட்டிலைத் தலைகீழாக் கட்டித் தொட்டில் மாதிரி விட்டு, நாலு பேர் இழுத்து மேலே கொண்டுவந்தாங்க. உயிரோடதான் வந்துச்சு. பெரிய காயம் எதுவும் தெரியல.

மேலே வந்ததும் கூட்டம் கூடிடுச்சு. ஒருத்தர் வாயில தண்ணி ஊத்துறார். ஒருத்தர் தலையைத் தடவுறார். ஃபோட்டோ எடுக்கணும்னு ஒருத்தர் கொம்பைப் பிடிச்சுத் திருப்புறார். நாங்க பிள்ளைங்க எல்லாம் ஒவ்வொருத்தரா தொட்டுப் பார்த்தோம். நானும் தொட்டேன். உடம்பு கொதிச்சுது. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கிணத்துத் தண்ணியில இருந்து வந்த உடம்பு எப்படி இப்படிக் கொதிக்குதுன்னு நினைச்சேன். அரைமணி நேரத்துல அது காலை நீட்டி, கழுத்தைப் பின்னால வளைச்சு, செத்துப்போச்சு.

நான் அழுதேன். அப்பாயி என்னை இழுத்து அணைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: “தாகத்துல விழுந்துச்சு பாப்பா. பயத்துல செத்துச்சு.”

பெரியவங்க ஆறுதலுக்குச் சொல்ற பேச்சுன்னுதான் அன்னிக்கு நினைச்சேன். இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தப்போதான் தெரிஞ்சுது, அந்த ரெண்டு வாக்கியத்துக்கு வந்துசேர விஞ்ஞானிகளுக்குச் சில நூறு வருஷம் பிடிச்சிருக்குன்னு. அந்தக் கதைதான் இன்னிக்கு.

மான் வேற, இரலை வேற

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடலாம். நாம எல்லாத்தையும் ‘மான்’னு ஒரே பேர்ல கூப்பிடுறோம். ஆனா ரெண்டு தனித்தனிக் குடும்பம் இருக்கு. புள்ளிமான், கடமான் ஒரு குடும்பம். ஆண்களோட கொம்பு கிளைவிட்டு வளரும், உதிரும், மறுபடி முளைக்கும். இன்னொன்னு ஆடு, மாடு இருக்கிற குடும்பம். இவற்றோட கொம்பு கிளைவிடாது, உதிராது. வெளிமான் இந்தக் குடும்பம். ஆண் வெளிமானோட கொம்பு முறுக்கிவிட்ட கயிறு மாதிரி திருகித் திருகி மேலே போகும். அதனால திருகுமான்னும் பேரு. பழைய தமிழ்ல இரலை. ராஜஸ்தான் பக்கம் இருக்கிற சிங்காராவும் இதே குடும்பம்தான். சின்னது, இருபது கிலோவை ஒட்டின எடை.

எங்க கிணத்துல விழுந்தது புள்ளிமான். பெரம்பலூர், அரியலூர் காப்புக்காடுகள்ல இருக்கிறதும் புள்ளிமான்தான். புள்ளிமானுக்குத் தினமும் தண்ணி வேணும். கோடையில ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேலயும் தேடி வரும். அதனாலதான் ஒவ்வொரு ஏப்ரல், மே மாசமும் ‘தண்ணீர் தேடி வந்த மான் கிணற்றில் விழுந்தது’, ‘வாகனம் மோதி மான் பலி’ன்னு அந்தப் பக்கத்துச் செய்தி வந்துக்கிட்டே இருக்கு.

ஆனா சிங்காரா அப்படி இல்ல. தார் பாலைவனத்துல 45 டிகிரி வெயில்ல, குளம் குட்டை எதுவும் இல்லாத இடத்துல, நாள்கணக்கா ஒரு வாய் தண்ணி குடிக்காம இருந்துடும். ஆப்பிரிக்காவுல டிக்டிக்னு ஒரு குட்டி இரலை. அஞ்சு கிலோதான் இருக்கும், ஒரு வெள்ளாட்டுக் குட்டி அளவு. அதுவும் தண்ணித் துறைப் பக்கம் போகாமலே வாழ்ந்துடும். எப்படி முடியுது? இதுதான் கேள்வி.

பாட்டெழுதினவங்க பார்த்தது

இந்தக் கேள்வியைத் தமிழ்ல எப்பவோ கேட்டுட்டாங்க. பாலைத் திணைப் பாட்டுகளைப் படிச்சா, வெயிலும் மானும் திரும்பத் திரும்ப வரும்.

ரெண்டு காட்சி ரொம்பப் பிரபலம். ஒண்ணு, ‘ஐந்திணை ஐம்பது’ங்கிற நூல்ல, மாறன் பொறையனார் எழுதினது. பாறைக் குழியில கொஞ்சூண்டு தண்ணி. ரெண்டு மானுக்குப் பத்தாது. பெண்மான் குடிக்கட்டும்னு ஆண்மான் உறிஞ்சுற மாதிரி நடிக்குது. இன்னொண்ணு கலித்தொகையில, பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதினது. நிழலே இல்லாத காட்டுல பெண்மான் வாடி நிக்குது. ஆண்மான் வெயில்ல தான் நின்னு, தன்னோட நிழலை அதுக்குக் கொடுக்குது.

காதலைப் பத்தின பாட்டுன்னு பள்ளிக்கூடத்துல நடத்துவாங்க. சரிதான். ஆனா வேற ஒரு கண்ணோட பாருங்க. பாலைவனத்துல ஒரு மானோட பிரச்சினை என்னென்னு இந்த ரெண்டு புலவர்களும் சரியாப் பிடிச்சிருக்காங்க. ஒருத்தர் தண்ணின்னு சொல்றார். இன்னொருத்தர் நிழல்னு சொல்றார். ரெண்டும் ஒரே பிரச்சினையோட ரெண்டு பக்கம். நிழல் இருந்தா தண்ணி செலவாகாது. நிழல் இல்லைன்னா, உடம்பைக் குளிர்விக்க வியர்க்கணும் அல்லது இரைக்கணும், அதாவது வேக வேகமா மூச்சு விடணும். ரெண்டுமே தண்ணிச் செலவு.

வடமொழி வைத்திய நூல்கள்ல இதைவிட ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கு. நிலத்தை அவங்க ‘ஜாங்கலம்’, ‘ஆனூபம்’னு பிரிச்சாங்க. ஆனூபம்னா ஈரமான, சதுப்பான நிலம். ஜாங்கலம்னா வறண்ட, திறந்த, முள்மரம் சிதறிக் கிடக்கிற நிலம். இரலைகள் வாழுற நிலம். பிரான்சிஸ் ஜிம்மர்மன்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் இதைப் பத்தி 1982-ல ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நாம இன்னிக்கு அடர்ந்த, இருண்ட காட்டை ‘ஜங்கிள்’னு சொல்றோமே, அந்தச் சொல் இந்த வறண்ட ஜாங்கலத்துல இருந்து வந்ததுதான். அர்த்தம் அப்படியே தலைகீழாப் போயிடுச்சு.

எங்க ஊர்ப் பக்கம் பழைய அர்த்தம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ‘அப்பாயி எங்க?’ன்னு கேட்டா ‘காட்டுக்குப் போயிருக்கு’ம்பாங்க. பருத்திக் காடு, சோளக் காடு. மானாவாரி நிலத்துக்கே ‘காடு’ன்னுதான் பேரு. மரம் இருக்கணும்னு அவசியமில்ல. ‘வெளிமான்’ங்கிற பேரையும் யோசிச்சுப் பாருங்க. வெட்டவெளியில வாழுற மான். அதோட முகவரியே அதோட பேரா இருக்கு.

ஒரு டிகிரிக்கு 35 மில்லி

சரி, இப்போ உடம்புக்குள்ள போகலாம். கொஞ்சம் கணக்கு இருக்கு, பயப்படாதீங்க.

வெயில்ல நமக்கு உடம்பு 37 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டப் பார்த்தா உடனே வியர்க்கும். நம்ம உடம்பு தண்ணியைச் செலவு பண்ணிச் சூட்டைக் கட்டுப்படுத்துது. தண்ணி கிடைக்கிற வரைக்கும் இது நல்ல ஏற்பாடு.

இரலை வேற வழியில போகுது. பகல்ல உடம்புச் சூட்டை ஏற விட்டுடும். ராத்திரி குளிர்ந்த காத்துல அந்தச் சூட்டைச் சும்மா வெளியே விட்டுடும். 25 கிலோ எடையுள்ள ஒரு சிங்காராவை எடுத்துக்குங்க. அதோட உடம்பு ஒரு டிகிரி ஏறாம இருக்கணும்னா, கிட்டத்தட்ட 35 மில்லி தண்ணியை ஆவியாக்கணும். நாலு டிகிரி ஏற விட்டா 140 மில்லி மிச்சம். ஒரு டீ கிளாஸ் நிறைய. நமக்கு அது ஒண்ணுமில்ல. குளமே இல்லாத இடத்துல, காய்ஞ்ச புல்லுல இருந்து துளித் துளியாத் தண்ணி சேர்க்கிற ஒரு விலங்குக்கு அது பெரிய சேமிப்பு.

இதை முதன்முதலா ஒழுங்கா அளந்தவர் சார்லஸ் ரிச்சர்ட் டெய்லர். அமெரிக்கர். 1960-கள்ல கென்யாவுக்குப் போய், இரலைகளைச் சூடான அறைக்குள்ள வெச்சு, தண்ணியைக் குறைச்சு, உடம்புச் சூட்டை அளந்தார். கிராண்ட் கெசல்னு ஒரு இரலையோட உடம்பு 46 டிகிரி வரைக்கும் போச்சு. மனுஷனுக்கு 42 தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. இந்த விலங்கு அந்தச் சூட்டுல மணிக்கணக்கா நின்னுச்சு.

டெய்லர் இன்னொன்னும் கண்டுபிடிச்சார். அந்த வறண்ட நிலத்துல இந்த இரலைகள் தின்னுற ஒரு செடி இருக்கு. பகல்ல அதோட இலை தொட்டாலே நொறுங்கும். ஈரம் 1 சதவீதம்தான் இருக்கும். ராத்திரியில காத்து குளிர்ந்து ஈரப்பதம் ஏறும்போது, அதே காய்ஞ்ச இலை காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்குது. மழைக்காலத்துல நம்ம வீட்டு அப்பளம் நமுத்துப் போகுமே, அதே மாதிரிதான். பகல்ல மேய்ஞ்சா வெறும் சருகு, நடுராத்திரியில மேய்ஞ்சா சாப்பாட்டோட தண்ணியும் சேர்ந்து கிடைக்கும். மேயற நேரத்தை மாத்தினாலே போதும்.

மத்த சிக்கனங்களும் இருக்கு. டிக்டிக்கோட சிறுநீர் நம்மோடதைவிட மூணு மடங்குக்கும் மேல அடர்த்தி. சாணி உலர்ந்த உருண்டையா வரும். வாயைத் திறந்து இரைக்காம, மூக்கு வழியாவே மூச்சு விடும். அரேபியாவுல இருக்கிற மணல் கெசல் இன்னும் ஒரு படி மேல. பஞ்ச காலத்துல அதோட கல்லீரலும் இதயமுமே சுருங்குது. அந்த ரெண்டு உறுப்பும் ஆக்சிஜனை அதிகமா இழுக்கிறவை. அவை சுருங்கினா மூச்சு குறையும். மூச்சு குறைஞ்சா, மூச்சோட போற ஈரமும் குறையும்.

இதுல உருவம் சின்னதா இருக்கிறதுக்கும் பங்கு உண்டு, ஆனா அது சாதகமா இல்ல. ஒட்டகம் பெரிய உடம்பு. பெரிய அண்டா மாதிரி, சூடாக நேரம் ஆகும். சின்ன இரலை ஒரு சொம்பு மாதிரி, சீக்கிரம் சூடாயிடும். அதனால அது நிழலைத் தேடியே ஆகணும். ஒரு முள்மரத்தோட ஓட்டை நிழல்கூட அதுக்குப் போதும். தென்னாப்பிரிக்காவுல ஸ்பிரிங்பாக்னு ஒரு இரலை, நிழலே இல்லைன்னா தன் உடம்பைச் சூரியன் இருக்கிற திசைக்கு நேரா நீளவாக்குல திருப்பி நிக்கும். வெயில் படுற பரப்பு குறையும். பெருங்கடுங்கோ சொன்ன நிழல் கணக்கு இங்கேயும் வருது.

அந்த அதிசய வலை

இப்போ ஒரு சிக்கல். உடம்பு 45 டிகிரின்னா மூளையும் 45 ஆகணுமே? மூளை அதைத் தாங்காதே?

இதுக்கான பதில் கிட்டத்தட்ட 1,800 வருஷம் எல்லார் கண்ணு முன்னாலயும் இருந்துச்சு. யாருக்கும் அது எதுக்குன்னு தெரியல.

ரோமப் பேரரசு காலத்துல, கி.பி. 2-ம் நூற்றாண்டுல, காலன்னு ஒரு மருத்துவர். மாடு, ஆடு மாதிரி விலங்குகளை அறுத்துப் பார்த்து உடற்கூறு எழுதினவர். மூளைக்கு அடியில ரத்தக்குழாய் ஒரே குழாயாப் போகாம, நூத்துக்கணக்கான சின்னக் குழாய்களாப் பிரிஞ்சு, மீன் வலை மாதிரி பின்னி, மறுபடி ஒண்ணாச் சேர்றதைப் பார்த்தார். அதுக்கு ‘அதிசய வலை’ன்னு பேரு வந்துச்சு. மனுஷனுக்கும் அது இருக்கும்னு எடுத்துக்கிட்டு, ஆன்மாவுக்கான சக்தி அங்கதான் தயாராகுதுன்னு எழுதிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஐரோப்பாவே அதை நம்பிச்சு. 1543-ல வெசாலியஸ் மனுஷ உடம்பை அறுத்துப் பார்த்து எழுதின புத்தகத்துல, ‘மனுஷனுக்கு இந்த வலையே கிடையாது’ன்னு தெளிவாச் சொன்னார்.

வலை மனுஷனுக்கு இல்லைன்னதும் அதோட மேல இருந்த ஆர்வமும் போச்சு. ஆனா ஆட்டுக்கு அது இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 1968-ல மேரி ஆன் பேக்கரும் ஜேம்ஸ் ஹேவர்டும் செம்மறி ஆட்டுல அளந்து பார்த்தாங்க. விஷயம் ரொம்ப எளிமை. மூக்குக்குள்ள மூச்சுக் காத்தால ஈரம் ஆவியாகுது. அங்க இருக்கிற ரத்தம் குளிர்ந்துடுது. அந்தக் குளிர்ந்த ரத்தம் திரும்பி வரும்போது, இந்த வலையைச் சுத்தித் தேங்கி நின்னு போகுது. மூளைக்குப் போற சூடான ரத்தம் வலைக்குள்ள போகும்போது, சுத்தி இருக்கிற குளிர்ச்சியில சூட்டை விட்டுட்டுப் போகுது. மண்பானைத் தண்ணிக்குள்ள சூடான பால் தூக்கை வெச்சு ஆத்துற மாதிரி.

டெய்லரும் இதைக் கெசல்கள்ல அளந்தார். தாம்சன் கெசலை ஓடவிட்டுப் பார்த்தா, உடம்பு ரத்தம் கொதிக்குது, மூளை அதைவிட ரெண்டு டிகிரிக்கும் மேல குளிர்ச்சியா இருக்கு. 1972-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. கதை அழகா முடிஞ்ச மாதிரி இருந்துச்சு: உடம்பு கொதிக்கட்டும், மூளை மட்டும் பத்திரமா இருக்கும். இன்னிக்கும் நிறைய பாடப் புத்தகங்கள்லயும் வீடியோக்கள்லயும் இப்படித்தான் இருக்கு.

வெட்டவெளியில அளந்தப்போ

ஆனா டெய்லரோட இரலைகள் மனுஷங்க கையில இருந்தவை. அறைக்குள்ள நின்னவை, ஓட வைக்கப்பட்டவை. இயல்பா மேயற விலங்கு என்ன செய்யுது?

அதை அளக்க, உடம்புக்குள்ளேயே வெச்சுத் தைக்கிற அளவுக்குச் சின்னதா ஒரு கருவி வரணும். 1990-கள்ல வந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல டங்கன் மிட்செல், ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் ஜெசன், அவங்களோட குழு, பெரிய இரலை வகையான கருப்பு வில்டபீஸ்ட்லயும், அப்புறம் ஸ்பிரிங்பாக்லயும் கருவியை வெச்சு, அவுத்து விட்டாங்க. விலங்கு அதுபாட்டுக்கு மேயும். கருவி மூளைச் சூடு, ரத்தச் சூடு ரெண்டையும் நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு பண்ணும்.

வந்த முடிவு எல்லாரையும் யோசிக்க வெச்சுச்சு. முதல் விஷயம்: சுதந்திரமா இருக்கிற விலங்கு உடம்பை 45, 46 டிகிரிக்கெல்லாம் ஏற விடுறதே இல்ல. நிழல் தேடும், ராத்திரி மேயும், நிக்கிற திசையை மாத்தும். முதல்ல நடத்தையால சமாளிக்கும்.

ரெண்டாவது: அந்த வலை மூளையைக் காப்பாத்தவே முதன்மையா வேலை செய்யல. தண்ணியை மிச்சம் பிடிக்க வேலை செய்யுது. உடம்புச் சூட்டை அளக்கிற தெர்மாமீட்டர் மூளைக்குள்ளதான் இருக்கு. மூளை குளிர்ச்சியா இருந்தா, ‘இன்னும் வியர்க்கத் தேவையில்ல, இரைக்கத் தேவையில்ல’ன்னு உடம்புக்குச் செய்தி போகும். தண்ணிச் செலவு குறையும். செம்மறி ஆடுகள்ல பிறகு கணக்குப் பார்த்தாங்க. சூடான நாள்ல, 50 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு இந்த வழியில ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டருக்கு மேல தண்ணி மிச்சம் பிடிக்கலாம்னு வந்துச்சு.

மூணாவதுதான் என்னை நிறுத்தி வெச்சது. விலங்கு அமைதியா இருக்கும்போதுதான் இந்த ஏற்பாடு வேலை செய்யுது. துரத்தினா, பயமுறுத்தினா, நின்னுடுது. பயம் வந்த உடனே, மூக்குல இருந்து வர்ற குளிர்ந்த ரத்தம் வலைப் பக்கம் போகாம வேற வழியில திரும்பிடும். மூளைச் சூடு ரத்தச் சூட்டைத் தொட்டு, சில சமயம் அதையும் தாண்டிடும். அதாவது, பயந்த இரலைக்கு அதிசய வலை கிடையாது. இருக்கு, ஆனா அணைஞ்சு கிடக்கு.

பயம் ஒரு உணர்ச்சி மட்டுமில்ல. அது தண்ணிச் செலவு. சூட்டுச் செலவு.

இதைப் படிச்சதும் எனக்கு அந்தக் கொதிக்கிற உடம்புதான் ஞாபகம் வந்துச்சு. புள்ளிமான் வேற குடும்பம்தான், ஆனா அந்த வலை அதுக்கும் உண்டு. பிடிபட்ட மான்கள், துரத்தப்பட்ட மான்கள், வெளிக்காயம் எதுவும் இல்லாமலே செத்துப்போறது கால்நடை மருத்துவர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். பயத்துல உடம்பு சூடேறும், தசைகள் சிதைய ஆரம்பிக்கும், இதயம் நிக்கும். எங்க பெரியப்பா கிணத்துல இருந்து ஏறி வந்த மானுக்கு யாரும் பிரேதப் பரிசோதனை பண்ணல. ஆனா நாங்க நாப்பது பேர் அதைச் சுத்தி நின்னோம். அன்பாத்தான் தொட்டோம். அதுக்கு அது தெரியாதே.

கோடியக்கரையும் குன்னமும்

இப்போ இந்த அறிவை வெச்சு நம்ம ஊரைப் பார்க்கலாம்.

வெளிமான் ஒரு காலத்துல இந்தியாவோட திறந்த சமவெளிகள்ல பெரும்பாலான இடங்கள்ல இருந்த விலங்கு. முகலாயர்களும் சமஸ்தான ராஜாக்களும் பழக்கின சிறுத்தைகளை, அதாவது சீட்டாக்களை, விட்டு அதை வேட்டையாடினாங்க. அப்புறம் துப்பாக்கி வந்துச்சு. ஆனா வேட்டையைவிடப் பெரிய அடி, அதோட நிலம் போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை உச்சப் பாதுகாப்புப் பட்டியல்ல வெச்சுச்சு. ஆனா புல்வெளியைக் காட்டா யாரும் பார்க்கல. வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்குல வரி தராத நிலம் எல்லாம் ‘தரிசு’. நாமும் அந்தச் சொல்லையே வெச்சுக்கிட்டோம். தரிசுன்னா காலியிடம். காலியிடம்னா எதையாவது நட்டு நிரப்பணும், இல்ல எதையாவது கட்டணும். ஜாங்கலம்னு ஒரு நிலத்துக்கு மரியாதை இருந்த நாட்டுல, அதே நிலத்துக்கு வீண்னு பேரு வந்துடுச்சு.

தமிழ்நாட்டுல இன்னிக்கு வெளிமான் இருக்கிறது விரல் விட்டு எண்ணுற இடங்கள்ல. கோடியக்கரை, 1967-ல சரணாலயம் ஆச்சு. தூத்துக்குடி பக்கம் வல்லநாடு. மாயாறு, சத்தியமங்கலம் பக்கம். சென்னையில கிண்டி. கோடியக்கரையில அதுக்கு இப்போ பெரிய எதிரி சீமைக்கருவேலம். புல்வெளிக்குள்ள அது பரவப் பரவ, வெட்டவெளி சுருங்குது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க: வெளிமான் அந்தக் காயை விரும்பித் தின்னும், விதையைச் சாணியில பரப்பும். தன்னோட வீட்டை மூடுற மரத்தைத் தானே விதைக்குது. வெளியே பார்த்தா மரம், பச்சை, நிழல். ஆனா வெளிமானுக்கு நிழல் மட்டும் போதாது. ஆபத்து தூரத்துல வரும்போதே தெரியணும். தெரிஞ்சாதான் பயப்படாம நிக்கலாம். பயப்படாம நின்னாதான் அந்த வலை வேலை செய்யும்.

குன்னம் பாலைவனம் இல்ல. ஆனா ஏப்ரல், மே மாசத்துல அங்க இருக்கிற மானுக்குப் பிரச்சினை அதேதான்: தண்ணி, நிழல், பயம். நாம இதுல முதலாவதை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டோம். காட்டுக்குள்ள தொட்டி கட்டி லாரியில தண்ணி ஊத்துறது நல்ல வேலை, புள்ளிமானுக்கு அது அவசியம். ஆனா தொட்டிக்குப் போற வழியில தெருநாய் துரத்தினா? ராத்திரி பைக்ல வந்து லைட் அடிச்சு வீடியோ எடுத்தா? ஒரு கிளாஸ் தண்ணி குடிக்க வந்த விலங்கை ரெண்டு கிளாஸ் தண்ணி செலவு பண்ண வெச்சு அனுப்புறோம்.

அதனால இதைக் கேக்குற உங்ககிட்ட, குறிப்பா எங்களை மாதிரி லீவுக்கு மட்டும் ஊருக்குப் போறவங்ககிட்ட, மூணே விஷயம். ராத்திரி ரோட்டுல மான் நின்னா, ஹை பீமை இறக்கி, வண்டியை நிறுத்தி, அது போற வரைக்கும் சும்மா இருங்க. ஹாரன் வேண்டாம். மான் கிணத்துல விழுந்தாலோ மாட்டிக்கிட்டாலோ, தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லிட்டு, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்க. நாயைக் கட்டுங்க. கண்ணை ஒரு துணியால மூடினா அமைதியாகும்னு வனத்துறைக்காரங்க செய்வாங்க, அதை அவங்களே செய்யட்டும். மூணாவது, உங்க குடும்பத்துக் கிணறு சுவர் இல்லாம இருந்தா, சுவர் வைங்க. பிள்ளைங்களுக்கும் நல்லது.

பெரியப்பா அந்த வருஷமே வெச்சுட்டார். சோளம் வித்த காசுல, இடுப்பளவு, சிமெண்ட் பூசாத ஹாலோ பிளாக் சுவர். ‘மானுக்கா செலவு பண்ற?’ன்னு ஊர்ல கிண்டல் பண்ணினாங்களாம். போன பொங்கலுக்குப் போனப்போ பார்த்தேன், பாசி பிடிச்சு இன்னும் நிக்குது. அப்பாயி இப்போ இல்ல. இருந்திருந்தா, ‘நீ சொன்னது சரிதான் அப்பாயி, தென்னாப்பிரிக்காவுல அளந்து பார்த்துட்டாங்க’ன்னு சொல்லியிருப்பேன். அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னும் தெரியும். ‘இதை அளந்து வேற பார்க்கணுமா?’ம்பாங்க.

உங்க ஊர்க் கிணத்துலயும் இப்படி ஒரு கதை இருந்தா, குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.